சீன நகரங்களில் பழைய உடை வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு

ஷாங்காயில் எனக்கு அது முதல் குளிர்காலம். ஒரு பழைய துணிக் கடையில் கருநீலக் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. உள்பக்கத்தைத் திருப்பினால், லைனிங்கில் கையால் தைத்த ஒரு சின்னப் பை. தையல் கொஞ்சம் கோணல். தொழிற்சாலையில் வைத்த பை இல்லை, வீட்டில் யாரோ உட்கார்ந்து தைத்தது. அதன் வாய்க்கு ஒரு பிரஸ் பட்டன் வேறு. காசோ கூப்பனோ பத்திரமாக வைத்துக்கொள்ளத் தைத்திருப்பார்கள். அந்தக் கோட்டை வாங்கிய நாளிலிருந்து எனக்குப் புதுத் துணிக் கடைகளில் மனம் ஒட்டவில்லை.

படிக்கவும் வேலைக்கும் சீன நகரங்களுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கே போவது, எதைப் பார்ப்பது, ஏமாறாமல் எப்படி வாங்குவது, வாங்கியதை எப்படிப் போட்டுக்கொள்வது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சீனாவில் இருக்கும்போது சீனாவின் பழைய உடையைத் தேடுங்கள். புதிதாக வருகிறவர்கள் பலரும் அமெரிக்க ஜீன்ஸ், ஜப்பான் வழியாக வந்த ராணுவ மேல்சட்டை என்று ஓடுகிறார்கள். இங்கே அவற்றுக்கு விலை அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. பழைய துணியை வணிகச் சரக்காக இறக்குமதி செய்யச் சீனாவில் தடை உண்டு. நேர்மையான கடைக்காரர் வெளிநாட்டுச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க முடிகிறது. கடத்தலில் வரும் மூட்டைத் துணிக்கு 'யாங் லாஜி', அதாவது வெளிநாட்டுக் குப்பை என்றே பெயர். எங்கே கிடந்தது, துவைத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் 1970களிலும் 80களிலும் அரசுத் தொழிற்சாலைகளில் தைத்த உடைகள் சாதாரண வீடுகளின் பெட்டிகளில் இன்னமும் கிடக்கின்றன. துணி கெட்டி, தையல் கெட்டி, விலையும் குறைவு.

காதில் விழ வேண்டிய சொற்கள்

'அர்ஷோவ்' என்றால் ஒருவர் பயன்படுத்திய எந்தப் பொருளும். 'ஜோங்கூ' என்று பலகை இருந்தால் பெரும்பாலும் விலை உயர்ந்த பிராண்டுகளின் பழைய கைப்பை, கைக்கடிகாரம், நகை விற்கும் கடை. 'கூஜுவோ' என்றால்தான் நாம் தேடும் பழைய உடை. கடைசி இரண்டும் ஜப்பானியச் சொற்களின் எழுத்துகளைச் சீன மொழி அப்படியே எடுத்துக்கொண்டவை. 'கூபின்' என்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, இன்னொரு சைஸ் கேட்காதீர்கள் என்று அர்த்தம். இந்த நான்கையும் சீன எழுத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லிக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். செயலிகளில் தேட எழுத்துதான் வேண்டும்.

கைபேசியைத் தயார் செய்யுங்கள்

இங்கே பணம் கட்டப் பயன்படும் செயலிகள் அலிபே, வீசாட். இரண்டிலும் வெளிநாட்டு வங்கி அட்டையை இணைக்கலாம். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். பழைய உடையில் முக்கால்வாசி 200-க்குள் முடிந்துவிடும் என்பதால் பெரிய சுமை இல்லை.

அடுத்து ஷியாவ்ஹோங்ஷு செயலி. நகரத்தின் பெயரோடு 'கூஜுவோ' சேர்த்துத் தேடினால் கடைகளின் படங்களும் முகவரிகளும் வரும். பதிவின் தேதியைப் பாருங்கள். வாடகை ஏறினால் சின்னக் கடைகள் சட்டென்று இடம் மாறிவிடும், ஒரு வருடத்துக்கு முந்தைய முகவரியை நம்பி அலையாதீர்கள்.

மூன்றாவது ஷியென்யூ. அலிபாபா நிறுவனம் 2014-இல் தொடங்கிய செயலி இது. 'சும்மா கிடக்கும் மீன்' என்று பெயர். வீட்டில் சும்மா மிச்சமாகக் கிடப்பது என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போகும். சீனாவில் யார் வீட்டில் எது சும்மா கிடந்தாலும் இதில் வந்துவிடும். நீங்கள் கொடுக்கும் பணம், பொருள் கைக்கு வந்து நீங்கள் சரி என்று உறுதி செய்யும்வரை விற்பவரிடம் போகாது. அதனால்தான் ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. 'வீசாட்டில் அனுப்பு, விலை குறைத்துத் தருகிறேன்' என்று யார் சொன்னாலும், வேறு இணைப்பு அனுப்பி அதில் பணம் கட்டச் சொன்னாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். செயலிக்கு வெளியே போன பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது.

தேடும்போது உங்கள் நகரத்துக்குள் மட்டும் என்று வடிகட்டிக்கொள்ளலாம். நேரில் போய்ப் பார்த்து வாங்க அது வசதி. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் குளிர்கால உடையை வீட்டிலிருந்து வெளியேற்றுவார்கள். நல்ல கம்பளிக் கோட்டு வாங்க அந்த வாரங்களைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியாது.

எங்கே போவது

பெய்ஜிங் என்றால் பான்ஜியாயுவான். 10-ஆம் எண் மெட்ரோவில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நடைபாதைச் சந்தையாக ஆரம்பித்த பழம்பொருள் சந்தை இது. சனி, ஞாயிறு விடிவதற்கு முன்பே தரைக்கடை போட ஆரம்பித்துவிடுவார்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் வாங்கி விற்கும் இப்படிப்பட்ட சந்தைக்கு வடக்கே 'பேய்ச் சந்தை' என்று பழைய பெயர். இங்கே உடை தனிப் பிரிவாக இருக்காது. பீங்கான், புத்தகம், பாசிமணி என்று கிடக்கும் விரிப்புகளுக்கு நடுவே ஒரு மடிப்பாகக் கிடக்கும், நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

நகரத்தின் உள்ளே, யோங்ஹெகோங் கோயிலை ஒட்டிய வூதாவ்யிங் ஹூதோங் சந்திலும் கூலோ கிழக்குப் பெருஞ்சாலையிலும் தேர்ந்தெடுத்த உடைகளை அடுக்கி விற்கும் சின்னக் கடைகள் உண்டு. விலை சந்தையைவிடக் கூட. ஆனால் துவைத்திருக்கும், போட்டுப் பார்க்கக் கண்ணாடி இருக்கும்.

ஷாங்காயில் அன்ஃபூ சாலையிலிருந்து ஆரம்பியுங்கள். சாங்ஷு சாலை மெட்ரோவில் இறங்கி நடந்தால் போதும். பழைய புத்தகத்தை வாங்கி விற்பதில் ஆரம்பித்து உடைக்கும் வந்த துவோஜுவாயூ நிறுவனம் 2021-இல் இந்தச் சாலையில்தான் கடை திறந்தது. உடைகளைச் சுத்தம் செய்து, நிலையைக் குறித்து, விலை போட்டு வைத்திருப்பார்கள். பேரம் கிடையாது. முதல்முறை வாங்குகிறவருக்குக் கை பழக இது நல்ல இடம். அங்கிருந்து சாங்லெ சாலைவரை மரநிழலில் நடந்தால் வழியில் கண்ணில் படும் கடைகளே ஒரு மதியத்துக்குக் காணும். நடக்கிறவர்களையும் பாருங்கள், யார் எதை எதோடு போட்டிருக்கிறார்கள் என்று. கற்றுக்கொள்ளச் செலவே இல்லாத பள்ளிக்கூடம் அது.

குவாங்ஜோவில் விடியற்காலைச் சந்தைக்குக் கான்டனீஸ் மொழியில் 'தின்குவோங்ஹோய்' என்று பெயர். வானம் வெளுக்கும் சந்தை என்று பொருள். பெயர்தான் நேரமும், நன்றாக வெளுத்தபின் போனால் சுருட்டிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இடம் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளூர்க்காரரிடம் கேட்டுப் போங்கள். செங்துவில் யூலின் பகுதிச் சந்துகளில் நடங்கள். அங்கே அவசரம் யாருக்கும் இல்லை, கடைக்காரர் தேநீர் குடித்துக்கொண்டே கதை சொல்வார்.

எதைத் தேடுவது

என் பட்டியலில் முதலில் நீலத் தொழிலாளர் மேல்சட்டை. கெட்டிப் பருத்தி, தோய்த்துத் தோய்த்து வெளுத்த நீலம். சிலவற்றின் மார்பில் 'பாதுகாப்பான உற்பத்தி' என்றோ 'தொழிலாளர் பாதுகாப்பு' என்றோ சிவப்பு எழுத்து இருக்கும்.

அடுத்து 'மெய்ஹுவா' விளையாட்டு உடை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர்கள் போட்டது இந்தப் பிராண்டுதான். கையோரம் வெள்ளைக் கோடு ஓடும் பழைய மேல்சட்டை கிடைத்தால் விடாதீர்கள். நீலமும் வெள்ளையும் கோடு போட்ட மாலுமி பனியன், 'ஹாய்ஹுன்ஷான்', ஆண் பெண் எல்லாருக்கும் பொருந்தும். ஷாங்காயில் தைத்த கம்பளிக் கோட்டு தனி ரகம். ஷாங்காய்ச் சரக்கு என்றாலே தரம் என்று நாடு முழுக்க நம்பிய காலத்துப் பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஜியாலிங்ஸ்', பொய்க்காலர். சீனாவில் 1954 முதல் 1983 வரை துணிக்குக் கூப்பன் முறை இருந்தது. கூப்பன் தீர்ந்தால் கையில் காசு இருந்தாலும் துணி வாங்க முடியாது. அந்த நெருக்கடியில் ஷாங்காயில் பரவியது இது. காலர் இருக்கும், முன்னும் பின்னும் நெஞ்சளவு துணி இருக்கும், இரண்டு மூன்று பட்டன் இருக்கும், கை இருக்காது. மேலே ஸ்வெட்டர் போட்டுவிட்டால் உள்ளே முழுச் சட்டை இருப்பதுபோலத் தெரியும். 'சிக்கனக் காலர்' என்றும் சொல்வார்கள். இன்றைக்கும் வட்டக் கழுத்து ஸ்வெட்டருக்கு உள்ளே இதைவிட அழகாக எதுவும் உட்காராது. 'புதிதாக மூன்று வருடம், பழையதாக மூன்று வருடம், ஒட்டுப்போட்டு இன்னும் மூன்று வருடம்' என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. அந்த வாழ்க்கை அப்படியே ஒரு காலரில் தெரிகிறது.

கையில் எடுத்ததும்

பான்ஜியாயுவானில் ஒரு அம்மாவிடம் நீல மேல்சட்டை வாங்கியதைச் சொன்னால் சோதிக்கும் முறை தெளிவாகப் புரியும். விரிப்பில் கிடந்ததை எடுத்ததும் மூக்கருகே கொண்டுபோனேன். அந்துருண்டை வாசனை அடித்தது. நல்ல அடையாளம் அது, யாரோ பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கற்பூரமரப் பெட்டியில் இருந்த துணி என்றால் வாசனை இன்னும் மென்மையாக இருக்கும். பூஞ்சண வாடை அடித்தால் அப்படியே வைத்துவிடுங்கள், எத்தனை முறை துவைத்தாலும் மழைக்காலத்தில் திரும்ப வரும்.

அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். முழங்கையில் உள்பக்கமிருந்து ஒட்டுப்போட்டு, மேலே நெருக்கமாக வரிவரியாக ஓடவிட்ட தையல். இதைக் குறையாக நான் நினைப்பதில்லை. அக்குளில் துணி இழை இழையாகப் பிரிந்திருந்தால்தான் பிரச்சினை. நல்லவேளை, பிரியவில்லை. கம்பளி என்றால் ஊசிமுனை அளவு துளைகளைத் தேடுங்கள். ஒரு துளை தெரிந்தால் பத்து இருக்கும், அந்துப்பூச்சி ஒன்றோடு நிறுத்தாது.

காலரின் மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்குள் வெளுக்காத அசல் நீலம். புதுத் துணியைச் செயற்கையாக வெளுத்துப் பழையது என்று விற்பதும் உண்டு. அதில் வெளுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உண்மையான வெளுப்பு தோளிலும் மடிப்பு முனையிலும் அதிகமாகவும், பைக்கு அடியிலும் காலருக்குள்ளும் குறைவாகவும் இருக்கும். ஐந்து பட்டனில் நாலு ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி. காஜா பிரியாமல் இருந்தது. காலருக்குக் கீழே பேனாவால் ஒரு பெயரின் முதல் எழுத்து, பாதி அழிந்து. அதைக் காட்டியதும் அந்த அம்மா சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த அளவில், தொழிற்சாலையில் எல்லார் சட்டையும் ஒரே மாதிரி, பெயர் எழுதாவிட்டால் மாறிவிடும்.

அளவை லேபிளில் நம்பாதீர்கள். இப்போதைய சீன லேபிளில் 165/88ஏ என்பதுபோல இருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது மார்புச் சுற்றளவு, இரண்டும் சென்டிமீட்டரில். எழுத்து உடல்வாகைக் குறிக்கும். ஒய், ஏ, பி, சி என்று போகப் போக மார்புக்கும் இடுப்புக்கும் வித்தியாசம் குறையும். பழைய உடை பல தடவை துவைத்துச் சுருங்கியிருக்கும் என்பதால் டேப் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். உங்களுக்குப் பொருந்தும் ஒரு சட்டையைப் படுக்கவைத்துத் தோள், மார்பு, கை, நீளம் நான்கையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஷியென்யூவில் விற்பவர்களும் படுக்கவைத்துத்தான் அளந்து போடுவார்கள், அதனால் எண்ணை எண்ணோடு நேராக ஒப்பிடலாம்.

வயதைக் கண்டுபிடிப்பது

சீன உடையில் லேபிளில் தொழிற்சாலையின் தொலைபேசி எண் இருக்கிறதா பாருங்கள். ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் எண்கள் எட்டு இலக்கமானது 1990களின் நடுவில்தான். ஆறோ ஏழோ இலக்கம் என்றால் அதற்கு முந்தையது. அட்டையில் 690 என்று தொடங்கும் பார்கோடு இருந்தால் 1991-க்குப் பிந்தையது, ஏனென்றால் சீனா அந்த எண்ணைப் பெற்றதே அந்த ஆண்டுதான்.

அமெரிக்க உடை வாங்கித்தான் தீருவேன் என்றால், நான் பட்டதைக் கேளுங்கள். '1970களின் சட்டை' என்று இணையத்தில் ஒருவர் சொன்னதை நம்பிப் பெரிய தொகை கொடுத்தேன். வந்த சட்டையின் லேபிளில் துவைக்கும் குறிப்பு வெறும் குறியீடுகளாக இருந்தது, வாளி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி என்று. அமெரிக்காவில் துவைக்கும் குறிப்பு கட்டாயமானது 1972-இல். வார்த்தை இல்லாமல் குறியீடு மட்டும் போட அனுமதித்தது 1997-இல். சட்டையின் வயது அதிலேயே தெரிந்துவிட்டது. பணம் திரும்பவில்லை.

கடையாகப் பதிவு செய்து விற்பவர் ஏமாற்றினால் சீன நுகர்வோர் சட்டப்படி விலையின் மூன்று மடங்கு இழப்பீடு கேட்கலாம், குறைந்தது 500 யுவான். இணையக் கடையாக இருந்தால் பொதுவாக ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பவும் முடியும். வீட்டுப் பொருளை விற்கும் தனிநபரிடம் இந்த இரண்டும் செல்லாது. விலை கூடக் கூட யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

பேரம்

சந்தையில் விற்பவரை 'லாவ்பான்' என்று கூப்பிடுங்கள், முதலாளி என்று பொருள். வயதான பெண்மணி என்றால் 'அயி'. முதலில் சிரித்துவிட்டு 'நெங் பியென்யி தியென் மா?' கொஞ்சம் குறைக்க முடியுமா என்பது அது. சொன்ன விலையில் பாதியில் ஆரம்பிப்பதில் தவறில்லை, ஆனால் நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டால் வாங்கிவிட வேண்டும். பேசி முடித்துவிட்டு வேண்டாம் என்று நடப்பதைப்போல அவர்களை நோகடிப்பது வேறில்லை.

ஷியென்யூவில் விலை குறைப்பதற்குக் 'கத்தி' என்று பெயர். 'சின்னக் கத்தி' சரி என்று விற்பவர் எழுதியிருந்தால் பத்து சதவீதம்போலக் கேட்கலாம். ஒரேயடியாகப் பாதி விலைக்குக் கேட்டால் 'டிராகனை வெட்டும் கத்தி' என்பார்கள், பதிலே வராது.

வாங்கக் கூடாதவை

நட்சத்திரம், பட்டை, சின்னம் உள்ள ராணுவச் சீருடை வேண்டாம். ராணுவ உடை தயாரிப்பு, விற்பனை, அணிவதற்கு 2009 முதல் தனி விதிகள் இருக்கின்றன. பச்சைப் பஞ்சுக் கோட்டு சின்னம் இல்லாமல் கடைகளில் கிடைக்கும், 2023 குளிர்காலத்தில் கல்லூரி மாணவர்கள் அதைத்தான் கூட்டம் கூட்டமாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அது போதும். ஜப்பானிலிருந்து வரும் உடைகளில் கதிர்விரியும் சூரியக்கொடி அச்சு இருந்தால் தொடாதீர்கள். போர்க்கால நினைவு இங்கே ஆறாத புண்.

சிங் அரச காலத்துப் பாவாடை, மியாவ் மக்களின் பழைய பூவேலை இவற்றில் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் 1911-க்கு முந்தைய பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. சிறுபான்மை இனத்தவரின் கலைப்பொருளுக்கு அந்த எல்லை 1966. ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால் இவற்றை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

பருத்தியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். முதல்முறை தனியாகத் துவைக்க வேண்டும், பழைய நீலச் சாயம் பக்கத்துத் துணியையும் நீலமாக்கிவிடும். கம்பளியைத் தண்ணீரில் போடாமல் சலவைக் கடைக்குக் கொடுங்கள். பூச்சி சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள்.

பழைய குடியிருப்புகளின் வாசலில் தையல் இயந்திரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஜிப் மாற்றுவது, கை நீளத்தைக் குறைப்பது எல்லாம் அவரிடம். ஆனால் முழங்கை ஒட்டையும் மாறிப்போன பட்டனையும் சரிசெய்யச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொல்லப்போனேன், தாத்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்தத் தையலைத் தடவிப் பார்த்து, இது நன்றாக இருக்கிறது, எதற்கு அவிழ்க்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போட்டுக்கொண்டு வெளியே

தலையிலிருந்து கால்வரை பழையதாகப் போட்டால் நாடக வேஷம்போல ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒன்று போதும். நீல மேல்சட்டை என்றால் உள்ளே வெறும் வெள்ளை பனியன், கீழே நேர்வெட்டுக் கால்சட்டை, காலில் ஹுய்லியோ ஃபெய்யூவோ, இங்கத்திய துணி ஷூக்கள். மேல்சட்டை ஒரு சைஸ் பெரிதாக இருந்தால் கையை இரண்டு மடிப்பு மடித்து விடுங்கள், உள்பக்கத்து வெளிர்நீலம் தெரியும். நம் மாநிறத்துக்கு அந்த வெளுத்த நீலம் எவ்வளவு எடுப்பு என்பதை முதல் தடவை கண்ணாடியில் பார்க்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

செங்துவில் தைகூ லி, பெய்ஜிங்கில் சான்லிதுன் பக்கம் இப்படிப் போனால் பெரிய கேமராவோடு நிற்பவர்கள் உங்களைப் படமெடுக்க வரலாம். அனுமதி இல்லாமல் ஒருவர் முகத்தைப் படமாக வெளியிடக் கூடாது என்று 2021-இல் அமலுக்கு வந்த சீன உரிமையியல் சட்டம் சொல்கிறது. பிடிக்கவில்லை என்றால் 'பியே பாய்' என்று சொல்லிக் கையைக் காட்டுங்கள், நிறுத்திவிடுவார்கள். பிடித்திருந்தால் நில்லுங்கள், எடுத்து முடித்ததும் படத்தை வீசாட்டில் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னை எடுத்த ஒரு பையன், படத்தைவிட அந்தக் காலர் பெயர் எழுத்தைத்தான் நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பாட்டியும் இப்படித்தான் எழுதுவாராம்.